மோடம் எழுந்தால் மௌஸ் ஏன் நின்றது?

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணைப்பு. அதற்கு மோடம் வேண்டும். கணினியின் பெட்டியைத் திறந்து மோடம் அட்டையைச் செருகியவர்களில் பலர் அந்த ஆண்டுகளில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். மௌஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். இணைப்புக்கான நிரலைத் திறந்து, டயல் செய்யச் சொன்ன அதே கணத்தில் திரையில் அம்புக்குறி உறைந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. மோடத்தைக் கழற்றிவிட்டால் மௌஸ் பழையபடி ஓடும். மௌஸைக் கழற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் வேலை செய்தால் மோடம் ஒழுங்காக இணையும். மௌஸை மாற்றிப் பார்ப்பார்கள், மோடத்தை மாற்றிப் பார்ப்பார்கள். தனித்தனியே எல்லாம் நல்லவை. சேர்ந்தால் மட்டும் கோளாறு.

பழுதே இல்லாத இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று முடக்குவது எப்படி? இதற்கு விடை தேடப் போனால் கணினி வெளியுலகத்தோடு பேசும் முறையே பிடிபட்டுவிடும்.

கணினியின் செயலி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததை எடுத்து, அதை முடித்து அடுத்ததை எடுத்து ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் விசை அழுத்தப்படுவதும் மௌஸ் நகர்வதும் தொலைபேசிக் கம்பியில் எழுத்து வந்து விழுவதும் செயலியைக் கேட்டு நடப்பவை அல்ல. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததை உடனே எடுக்காவிட்டால் சில சமயம் போயே போய்விடும். இதை எப்படிச் சமாளிப்பது?

ஒரு மருத்துவமனை வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நர்ஸ், வரிசையாகக் கட்டில்கள். நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகப் போய் "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றலாம். யாருக்கும் எதுவும் வேண்டாத நேரத்திலும் சுற்ற வேண்டும். வேறு வேலை ஓடாது. இல்லையென்றால் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பொத்தான் வைத்து, அதை நர்ஸின் மேசையருகே ஒரு மணியோடு இணைத்துவிடலாம். நர்ஸ் தன் வேலையைப் பார்ப்பார். மணி அடித்தால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு, எதில் நிறுத்தினோம் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கட்டிலுக்குப் போய்த் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முதல் முறையைச் சுற்றிக் கேட்டல் எனலாம். இரண்டாவதுதான் குறுக்கீடு, பொறியாளர்கள் இன்டரப்ட் என்று சொல்வது.

கணினியிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு கட்டளையை முடித்ததும் செயலி தன் ஒரு காலில் மின்னழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறது. ஏறியிருந்தால், தான் நின்ற இடத்தை நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு, "அழைத்தது யார்?" என்று அருகிலிருக்கும் ஒரு சில்லைக் கேட்கிறது. அந்தச் சில்லு ஓர் எண்ணைச் சொல்லும். அந்தக் காலக் கணினிகளில் நினைவகத்தின் முதல் 1024 பைட்டுகளில் 256 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும். அந்த எண்ணுக்குரிய வரியில், இந்த அழைப்பைக் கவனிக்கும் நிரல்துண்டு எங்கே இருக்கிறது என்ற முகவரி எழுதப்பட்டிருக்கும். செயலி அங்கே தாவி, வேலையை முடித்து, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பி.சி. 5150 கணினியில் இன்டெல் 8088 செயலி இருந்தது. விநாடிக்கு 47.7 லட்சம் துடிப்பு அதன் வேகம். அழைப்புகளைத் தொகுத்துச் சொல்லும் வேலைக்கு இன்டெல் 8259ஏ என்ற சில்லு. அதில் எட்டே எட்டு நுழைவுக் கம்பிகள், 0 முதல் 7 வரை. இவற்றைத்தான் கடைகளில் ஐ.ஆர்.கியூ. என்றார்கள், நாம் குறுக்கீட்டுக் கோடு என்போம். 0-ஆம் கோடு விநாடிக்கு 18.2 முறை தட்டும் கடிகாரத்துக்கு. 1 விசைப்பலகைக்கு. 6 நெகிழ்வட்டுக்கு. 7 அச்சுப்பொறிக்கு. மௌஸும் மோடமும் இணையும் தொடர்முனையங்களான காம்2, காம்1 இரண்டுக்கும் முறையே 3, 4. ஒரே நேரத்தில் பல மணிகள் அடித்தால் சிறிய எண்ணுக்கே முதலுரிமை.

எட்டு போதவில்லை. 1984-இல் வந்த ஐபிஎம் பி.சி. ஏடி கணினியில் இரண்டாவது 8259 சில்லைச் சேர்த்தார்கள். அதன் வெளியீட்டை முதல் சில்லின் 2-ஆம் கோட்டில் கொண்டுபோய் இணைத்ததால் அந்தக் கோடு செலவாகி, மொத்தம் 15 மிஞ்சியது. நேரங்காட்டி, வன்வட்டு, கணிதத் துணைச்செயலி என்று ஒவ்வொன்றாக இடம் பிடித்தபின் புதிதாக வாங்கும் அட்டைகளுக்கு எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில. பழைய எட்டு பிட் துளைக்கு வெட்டப்பட்ட குட்டை அட்டைகளால் மேல் எண்களை எட்டவே முடியாது. அவற்றுக்கு 3, 4, 5, 7 போன்ற கீழ் எண்கள்தான். என்.இ.2000 வகை வலையமைப்பு அட்டை வாங்கும்போதே 3-இல் வைக்கப்பட்டிருக்கும். அது காம்2-இன் கோடு. சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைகள் முதலில் 7-இல் வந்தன, பிறகு 5-க்கு மாறின. 7 அச்சுப்பொறியின் கோடு என்றாலும் டாஸ் இயங்குதளம் அச்சுப்பொறியைப் பெரும்பாலும் சுற்றிக் கேட்டே கவனித்ததால் அந்த மணி அடிப்பதே அபூர்வம். அதனால் அங்கே குடியேறியவர்கள் பல நேரம் தப்பித்தார்கள்.

இப்போது நம் புதிருக்கு வரலாம். ஐபிஎம் இரண்டு தொடர்முனையங்களுக்குத்தான் கோடு ஒதுக்கியிருந்தது. மூன்றாவதும் நான்காவதும் வந்தபோது புதிய கோடு இல்லாததால், காம்3 காம்1-இன் 4-ஆம் கோட்டிலும், காம்4 காம்2-இன் 3-ஆம் கோட்டிலும் ஏறிக்கொண்டன. மௌஸ் காம்1-இல் இருக்கிறது. உள்ளே செருகிய மோடத்தை யாரோ காம்3 என்று வைத்துவிட்டார்கள். இரண்டு கட்டில்களுக்கும் ஒரே மணி.

அப்படியானால் கணினியைப் போட்ட உடனேயே கோளாறு வர வேண்டுமே, டயல் செய்யும்வரை ஏன் காத்திருந்தது? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தொடர்முனையச் சில்லின் அழைப்புக் கம்பி நேரடியாகக் கோட்டில் இணைக்கப்படவில்லை. நடுவே ஒரு மின்வாயில் உண்டு. முனையத்தை எந்த நிரலும் பயன்படுத்தாதபோது வாயில் மூடியிருக்கும். மோடம் கோட்டில் இருப்பதே தெரியாது. நிரல் முனையத்தைத் திறக்கும்போதுதான் வாயிலும் திறக்கும். அதாவது, டயல் செய்யும் கணத்தில்.

வாயில் திறந்ததும் மூன்று கேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். முதலாவது, அட்டவணை. 4-ஆம் கோட்டுக்கு அதில் ஒரே ஒரு வரிதான். அதுவரை அங்கே மௌஸைக் கவனிக்கும் நிரலின் முகவரி இருந்தது. டாஸில் ஓடும் மோடம் நிரல் அதை அழித்துத் தன் முகவரியை எழுதிவிடும். மௌஸ் அழைத்தால்கூட மோடம் நிரல்தான் ஓடி வந்து தன் முனையத்தைப் பார்த்து, ஒன்றுமில்லையே என்று திரும்பிப் போகும். இரண்டாவது, மின்சாரம். அந்தக் கால ஐஎஸ்ஏ துளைகளில் செருகும் அட்டைகள், அழைப்பில்லாதபோது கோட்டைத் தாழ்நிலையில் அழுத்திப் பிடித்திருக்கும். அழைக்கும்போது மேலே தூக்கும். மௌஸின் முனையம் தூக்கப் பார்க்க, மோடம் கீழே அழுத்த, மின்னழுத்தம் இரண்டுங்கெட்டானாக நடுவில் நிற்கும்.

மூன்றாவதுதான் அடிப்படையானது, நான் விரிவாகச் சொல்ல விரும்புவதும் அதைத்தான். வார்டில் மணி எப்படி அடிக்கிறது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. பொத்தானை அழுத்தும் கணத்தில் 'டிங்' என்று ஒரே ஒரு முறை ஒலிப்பது ஒன்று. பொத்தான் அழுத்தியிருக்கும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருப்பது மற்றொன்று. முதலாவதை விளிம்புத் தூண்டல் என்றும் இரண்டாவதை நிலைத் தூண்டல் என்றும் சொல்லலாம். கட்டிலுக்கு ஒரு மணி என்றிருக்கும்வரை இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டு கட்டில்களை ஒரே மணியில் இணைத்தால் தெரியும். முதல் நோயாளி பொத்தானை அழுத்துகிறார்: டிங். அவர் கையை எடுப்பதற்குள் இரண்டாமவரும் அழுத்துகிறார். கம்பியில் ஏற்கெனவே மின்சாரம் ஓடுவதால் புதிதாக ஒலி எழாது. நர்ஸ் முதல் கட்டிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டாமவர் அழுத்திக்கொண்டே இருப்பார். மணி இனி ஒருபோதும் அடிக்காது. விளக்காக இருந்திருந்தால்? முதல் கட்டிலைக் கவனித்துவிட்டு வந்தபின்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இன்னும் யாரோ காத்திருக்கிறார் என்று நர்ஸுக்குப் புரிந்துவிடும்.

ஐபிஎம் பி.சி. விளிம்புத் தூண்டலைக் கொண்டது. இது சில்லின் குறையல்ல. 8259-ஐ இயக்கத் தொடங்கும்போது எழுதும் ஒரு பிட் போதும், நிலைத் தூண்டலுக்கு மாறிவிடும். விளிம்பு முறையில் சில வசதிகள் உண்டுதான்: அட்டை தன் அழைப்பைத் திரும்பப் பெறுவதில் அத்தனை கவனம் தேவையில்லை, கடிகாரச் சில்லின் சதுர அலையைக் கூட நேரடியாகக் கோட்டில் இணைத்துவிடலாம். எட்டுக் கோட்டில் ஐந்தாறு பொருள்கள் மட்டுமே இருந்த 1981-இல் அது நியாயமான முடிவு. ஆனால் அதைப் பின்பற்றி உலகமெங்கும் அட்டைகள் செய்யப்பட்டுவிட்டன. பிறகு மாற்ற முடியவில்லை. கோடுகள் குறைவு என்பதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். என் பார்வையில், பகிர முடியாத கோடு என்பதே உண்மையான குறை. பகிர முடிந்திருந்தால் பதினைந்து கோடு தாராளம்.

இதில் இன்னொரு கொடுமை, கோளாறு ஒழுங்காக வராது. காம் முனையத்தின் பழைய 8250 சில்லு, வந்த எழுத்துகளில் ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கும். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஏறத்தாழ 960 எழுத்துகள் வரும். அதாவது சுமார் ஒரு மில்லிவிநாடிக்குள் எடுக்காவிட்டால் அடுத்தது அதன்மேல் விழும். இரண்டு அழைப்புகள் அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் தவறு நடக்கும். காலையில் பத்து முறை சரியாக ஓடி, மாலையில் ஒரு முறை தொங்கும். இந்தத் தொல்லை புதிதல்ல. நெதர்லாந்தில் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 என்ற கணினியை 1950-களின் இறுதியில் வடிவமைத்தபோது, அதில் குறுக்கீடு சேர்க்கலாம் என்ற யோசனை அதற்கு நிரல் எழுதிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைக் கலங்கடித்தது. அழைப்பு எந்தக் கட்டளைக்கு நடுவே வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு முறை நடந்த பிழையை மறுமுறை நடத்திக் காட்டவும் முடியாது. சோதித்துச் சோதித்துத் திருத்தும் வழி அடைபட்டுவிடுமே என்பது அவர் அச்சம். கடைசியில் அவரே அந்தக் குறுக்கீட்டு நிரலை எழுதினார். 1959-இல் அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளானது.

சோதனையால் எளிதில் பிடிபடாத பிழையைப் பழுதுபார்ப்பவர்கள் எப்படிப் பிடித்தார்கள்? அறிகுறிகளைக் கொண்டுதான். ஒலி அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விளையாட்டு நிரல் ஒலியின் ஒரு சிறு துண்டை நினைவகத்தில் வைக்கும். அட்டை அதைச் செயலியின் உதவியின்றித் தானே எடுத்து ஒலித்து, முடிந்ததும் "அடுத்ததைக் கொடு" என்று மணி அடிக்கும். மணி தப்பான கோட்டில் அடித்தால், அல்லது நிரல் தப்பான கோட்டில் காத்திருந்தால், அடுத்த துண்டு வராது. அட்டை அதே துண்டையே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். வீரன் ஒரே உறுமலை ஓயாமல் உறுமினால், ஒலிபெருக்கியிலும் பழுதில்லை, அட்டையிலும் பழுதில்லை, குறுக்கீட்டுக் கோட்டில்தான் தவறு என்று கேட்டவுடனே சொல்லிவிடலாம். ஒலியே வராவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

எம்எஸ்டி என்ற சோதனை நிரல் கோடுகளின் பட்டியலைக் காட்டும். ஆனால் அதை முழுதாக நம்பக் கூடாது. அது அட்டவணையின் வரிகளைப் பார்த்து எந்த நிரல் எந்தக் கோட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறதே தவிர, அட்டையைக் கேட்டுச் சொல்லவில்லை. ஐஎஸ்ஏ அட்டைக்குப் பெயரும் கிடையாது, கேட்டால் பதில் சொல்லவும் தெரியாது. அது எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதை, அதன்மேல் இருக்கும் ஜம்பர் என்ற குட்டித் தொப்பி எந்த இரண்டு ஊசிகளை இணைக்கிறது என்று கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். எனவே நம்பகமான வழி ஒன்றே. திரை அட்டையும் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையும் தவிர எல்லாவற்றையும் கழற்றுவது, ஓடுகிறதா என்று பார்ப்பது, ஒவ்வொன்றாகச் சேர்ப்பது, கோட்டு எண்ணைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுவது. சென்னை ரிச்சி தெருவில் வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்களை வாங்கிக் கணினி கோத்தவர்களுக்கு இது கட்டாயம் கைவர வேண்டிய கலை. நம் மோடத்துக்கு மருந்து இவ்வளவுதான்: ஜம்பரை மாற்றி 5-ஆம் கோட்டுக்கோ வேறு காலிக் கோட்டுக்கோ கொண்டுபோய், நிரலுக்கும் அந்த எண்ணைச் சொல்லிவிடுவது. மோடம் அதற்கு இடம் தராவிட்டால், பயன்படாத காம்2-ஐ, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலின் அமைப்பில் அணைத்துவிட்டு அந்த இடத்தில் மோடத்தை வைப்பது.

இந்த அறிவு முழுவதும் பழங்கதையாகிவிடவில்லை. ஐஎஸ்ஏ அட்டை வழியாகக் கட்டுப்படுத்தப்படும் சில கடைசல் இயந்திரங்களும் ஆய்வகக் கருவிகளும் இன்றும் அந்தப் பழைய கணினிகளை நம்பித்தான் ஓடுகின்றன. அட்டைக்கு மாற்று கிடைக்காது. அந்தக் கணினியில் ஒரு வலையமைப்பு அட்டை சேர்க்கப் போனால் மேலே சொன்னதெல்லாம் வேண்டும். பயாஸ் அமைப்பில் குறிப்பிட்ட கோட்டைப் பழைய அட்டைக்கென்று ஒதுக்கும் வரி இருக்கும். அதை முதலில் நிரப்பிவிட்டால் பிற அட்டைகள் அங்கே வராது.

தானாக ஒதுக்கிக்கொள்ளும் முறை 1993-இல் ஐஎஸ்ஏ அட்டைகளுக்கு வந்தது. அதன் உள்வேலை அழகானது. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு தனி எண் தரப்பட்டது. கணினி எல்லா அட்டைகளையும் ஒரே நேரத்தில் "உன் எண்ணைப் பிட் பிட்டாகச் சொல்" என்கிறது. 1 என்ற பிட் கொண்டவை பேசும்; 0 கொண்டவை கேட்கும். தான் கேட்கும் முறையில் வேறொன்று பேசுவதைக் கண்ட அட்டை விலகிக்கொள்ளும். கடைசிப் பிட்வரை நிற்பது ஒரே ஓர் அட்டை. அதற்கு இடம் ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினால் அடுத்தது. எத்தனை அட்டைகள் இருக்கின்றன என்று தெரியாமலே ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். 1995-இல் வந்த விண்டோஸ் 95 இதைப் பயன்படுத்தி, மோதலிருந்தால் மஞ்சள் வட்டத்தில் ஆச்சரியக்குறி போட்டுக் காட்டியது. ஆனால் ஜம்பர் வைத்த பழைய அட்டை ஒன்று நடுவே இருந்தால், அது இருக்குமிடம் தெரியாமல் விண்டோஸ் அதன் கோட்டையே வேறொன்றுக்குக் கொடுத்துவிடும்.

வேரைத் தொட்ட தீர்வு நிலைத் தூண்டல்தான். ஐபிஎம் தன் 1987-ஆம் ஆண்டு மைக்ரோ சேனல் கணினிகளிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் அந்த வழிக்குப் பெரும்பாலும் வரவில்லை. 1992-இல் இன்டெல் முன்வைத்த பிசிஐ துளைதான் அதை எல்லோர் மேசைக்கும் கொண்டுவந்தது. பிசிஐயில் கோடு இயல்பாக உயர்நிலையில் நிற்கும். அழைக்கும் அட்டை அதைக் கீழே இழுக்கும். அழைக்காதவை தொடாமல் விட்டுவிடும். எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் சண்டை கிடையாது. வேலை முடியும்வரை யாரும் விடுவதில்லை. அட்டவணையில் இன்னும் ஒரே வரிதான், ஆனால் இயங்குதளம் அந்தக் கோட்டைப் பகிரும் நிரல்களை வரிசையாக எழுப்பி, ஒவ்வொன்றையும் தன் அட்டையிடம் "நீயா அழைத்தாய்?" என்று கேட்கச் செய்கிறது.

இந்த ஏற்பாடு நேர்மையை நம்பியிருக்கிறது. ஒரு நிரல் தன் அட்டை அழைக்காதபோதும் "என்னுடையதுதான்" என்று சொல்லிவிட்டால் மற்ற அட்டை கவனிப்பாரற்றுப் போகும். எவருமே பொறுப்பேற்காவிட்டால் கோடு இழுபட்டபடியே இருக்க, செயலி அதே அழைப்பில் மீண்டும் மீண்டும் சிக்கும். லினக்ஸ் அந்நிலையில் யாரும் கவனிக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தக் கோட்டையே அடைத்துவிடும். பழைய பிசிஐ கணினியில் இப்படி நடந்தால் எளிய மருந்து ஒன்று உண்டு: அட்டையை வேறு துளைக்கு மாற்றுங்கள். தாய்ப்பலகையில் துளைக்குத் துளை கோடுகள் சுழற்றி இணைக்கப்பட்டிருப்பதால், இடம் மாறினால் கோடும் மாறும். பல தாய்ப்பலகைகளில் ஏஜிபி திரை அட்டையும் அதற்கு அடுத்த பிசிஐ துளையும் ஒரே கோட்டில் இருக்கும். ஒலி அட்டையை அங்கே வைக்காதிருப்பது நல்லது.

8259-க்குப் பதிலாகப் பிறகு வந்த ஐ.ஓ. ஏபிஐசி சில்லுகள் கோடுகளை 24 ஆக்கின. 1998-இல் பிசிஐ விதிகளின் 2.2 பதிப்பு கம்பியே வேண்டாம் என்ற வழியைச் சேர்த்தது. அட்டை ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு சிறு எண்ணை எழுதினால் அதுவே அழைப்பு. இப்போதைய பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளில் குறுக்கீட்டுக்கென்று தனிக் கம்பி கிடையாது. ஒரே அட்டை நூற்றுக்கணக்கான தனித்தனி அழைப்புகளை வைத்துக்கொள்ளலாம். யாரோடும் பகிர வேண்டிய அவசியமே இல்லை.

இவையெல்லாம் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று நீங்களே பார்க்கலாம். லினக்ஸ் ஓடும் கணினியில் 'ப்ராக்' அடைவுக்குள் 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு கோட்டிலும் இதுவரை எத்தனை அழைப்புகள் வந்தன என்ற கணக்கு அதில் ஓடிக்கொண்டிருக்கும். மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகை இன்றும் 1-ஆம் வரியில், 1981-இல் கிடைத்த அதே எண்ணில் இருப்பதைக் காணலாம். அந்த வரியைத் திரையில் வைத்துக்கொண்டு சாதாரண எழுத்து விசை ஒன்றைத் தட்டுங்கள். எண் இரண்டு கூடும்: விசை இறங்கியதற்கு ஒன்று, எழும்பியதற்கு ஒன்று.